பைபாஸ் முடிந்த மூன்றாம் நாள் துடிப்பு தாறுமாறு: இத்தனை மாத்திரையும் எத்தனை நாளைக்கு?

#1 செவ்வாய்ப்பேட்டை

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 68. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. போன மாதம் பைபாஸ் ஆனது, மூன்று கிராஃப்ட். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் நாற்காலியில் உட்காரவைத்து இட்லி கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி திடீரென்று ஹார்ட் ரேட் 140, 150 என்று ஏறிவிட்டது. வார்டிலிருந்து திரும்ப ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வெளியே இருந்த எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஏஎஃப் வந்திருக்கு, ஓப்பன் ஹார்ட்ல இது சகஜம்" என்று டியூட்டி டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏஎஃப் என்றால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பதாம். ஏதோ மருந்து டிரிப்ஸில் ஓடியது. மறுநாள் சாயங்காலத்துக்குள் துடிப்பு சரியாகிவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் வழக்கமான ஆஸ்பிரின், ஸ்டாட்டின், மெட்டோபுரோலால் போக, துடிப்பை ஒழுங்காக்க அமியோடரோன் 200, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் 2 என்று இரண்டு புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. எத்தனை நாள் என்ற இடத்தில் "தொடரவும்" என்று மட்டும் இருக்கிறது.

என் கேள்விகள்: இது திரும்ப வருமா? அசிட்ரோமை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும் என்று சித்தப்பா சொல்கிறார், அது உண்மையா? துடிப்புதான் சரியாகிவிட்டதே, நிறுத்திவிடலாமா? அடுத்த ரிவியூவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. போன் செய்தால் "டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார்" என்ற பதிலைத் தவிர ஒன்றும் வருவதில்லை.

#2 இரவுப்பணி

முதலில் ஒன்று. டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள், அதிலும் மெட்டோபுரோலாலை. அதைச் சட்டென்று நிறுத்துவதே துடிப்பைக் கிளப்பிவிடும்.

நான் கோவையில் கார்டியாக் ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸ். உங்கள் அப்பாவுக்கு நடந்ததை வாரம் தவறாமல் பார்க்கிறோம். பைபாஸ் மட்டும் என்றால் நாலு பேரில் ஒருவர், மூன்று பேரில் ஒருவர் என்று வரும். வால்வு மாற்றினால் இன்னும் அதிகம். வால்வும் பைபாஸும் ஒன்றாகச் செய்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வரும். வருகிற நேரமும் பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில்தான். ஆள் எழுந்து நடக்கிறார், சாப்பிடுகிறார், "இந்த ஒயரைக் கழட்டும்மா" என்று கெஞ்சுகிறார். அப்போதும் நாங்கள் கழற்றாததற்கு இதுதான் காரணம்.

மானிட்டரில் ஒவ்வொரு பெரிய முனைக்கும் முன்னால் ஒரு குட்டி மேடு வரும், அதுதான் பி வேவ். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குகின்றன என்பதற்கு அது அடையாளம். ஏஎஃப் ஆரம்பித்ததும் அந்த மேடு காணாமல் போய், அடிக்கோடு நடுங்க ஆரம்பித்துவிடும். ஈசிஜி தாளில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து இரண்டு முனைகளைப் பேனாவால் குறித்துக்கொண்டு அடுத்த இரண்டில் பொருத்திப் பாருங்கள். பொருந்தாது. அதற்கடுத்ததிலும் பொருந்தாது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். பேஷண்டைக் கேட்டால் பாதிப் பேர் "எனக்கு ஒண்ணும் தெரியலையே சிஸ்டர்" என்பார்கள். மீதிப் பேருக்கு நெஞ்சுக்குள் படபடவென்று அடிக்கும், வியர்க்கும், சிலருக்கு பிரஷர் இறங்கும்.

அந்த நேரம் நாங்கள் முதலில் பார்ப்பது மருந்தை அல்ல, காரணத்தை. பொட்டாசியம், மெக்னீசியம் எவ்வளவு? ஆக்ஸிஜன் குறைகிறதா? நெஞ்சில் வைத்த வடிகுழாயில் ரத்தம் கூடுதலாக வருகிறதா, இல்லை, வந்துகொண்டிருந்தது அடைத்து உள்ளேயே நிற்கிறதா? காலையில் கொடுக்க வேண்டிய மெட்டோபுரோலால், பிரஷர் குறைவு என்று விட்டுப்போனதா? இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் அமியோடரோனை ஏற்றுவோம், அதுவும் கழுத்து லைன் வழியாக. கை நரம்பில் ஓடவிட்டால் நரம்பு வெந்து சிவந்துபோகும். பிரஷர் ரொம்ப இறங்கினால் தூங்கவைத்து ஷாக் கொடுப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை என்று தெரிகிறது.

#3 மருந்தாளர்

செவ்வாய்ப்பேட்டை, அசிட்ரோமும் அமியோடரோனும் ஒரே சீட்டில் இருக்கிறது என்று படித்ததும் எழுதுகிறேன். டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தீர்களா?

அசிட்ரோம், வார்ஃபரின் வகை மருந்துகளைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றும் வேலையை அமியோடரோன் தடுக்கும். அதனால் அதே 2 மி.கி. மாத்திரை, போகப் போக அதிக வேலை செய்யும். ஐஎன்ஆர் ஏறும். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது டோஸை மூன்றில் ஒரு பங்கு, சிலருக்குப் பாதிகூடக் குறைக்க வேண்டியிருக்கும். முதல் வாரம் சரியாக இருந்த ஐஎன்ஆர் மூன்றாம் வாரமும் அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது. அமியோடரோன் உடம்பில் மெல்லச் சேர்ந்து, மெல்லத்தான் வெளியேறும். மாத்திரையை நிறுத்தின பிறகும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொழுப்பில் தங்கியிருக்கும். அப்போது ஐஎன்ஆர் எதிர்ப்பக்கம் இறங்கும். ஆக, ஆரம்பிக்கும்போதும் பார்க்க வேண்டும், நிறுத்தின பிறகும் பார்க்க வேண்டும்.

கவுண்டரில் தினம் நடக்கிற இன்னொன்று. நெஞ்சுத் தையல் வலிக்கிறது, கால் தையல் வலிக்கிறது என்று பக்கத்துக் கடையில் டைக்ளோஃபெனாக்கோ ஐப்யூபுரோஃபெனோ வாங்கிப் போடுவார்கள். ஆஸ்பிரின் ஏற்கெனவே ஓடுகிறது, அசிட்ரோமும் ஓடுகிறது, அதன் மேல் இதுவும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வர அதிக நாள் ஆகாது. பைபாஸ் ஆனவர்களுக்கு அந்த வகை வலி மாத்திரை எப்படியும் ஆகாது. டாக்டர் எழுதிய பாரசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கீரையைப் பற்றி அடுத்து யாராவது கேட்பீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினம் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒரு பிடிகூட இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் ஐஎன்ஆரை ஆட்டிவைக்கும்.

அமியோடரோன் 200 மாத்திரை ஒன்றில் 75 மி.கி. அயோடின் இருக்கிறது. தைராய்டு, ஈரல், நுரையீரல் மூன்றையும் அது தொட்டுப் பார்க்கும். சில வாரம் சாப்பிடுவதற்கு இது பெரிய விஷயம் இல்லை. "தொடரவும்" என்ற ஒரு சொல்லை நம்பி இரண்டு வருஷம் வாங்கிச் சாப்பிட்டவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். ஏன் சாப்பிடுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

#4 வடலி

நான் இருக்கிறது லண்டனிலை, இதய சத்திரசிகிச்சை வார்டிலை தாதி வேலை. இரவுப்பணி அக்கா பொட்டாசியம் எண்டு சொன்னபடியால் ஒரு விஷயம் சொல்லோணும்.

இஞ்ச கனகாலமா இருந்த வழக்கம், பொட்டாசியம் 4.5க்குக் கீழ வந்தா உடன குடுக்கிறது. நோர்மலுக்கு நடுவிலை நிக்கிற ஆளுக்கும் குடுப்பம், துடிப்புக் குழம்பக் கூடாதெண்டு. லைனுக்கால ஏத்துவம், லைன் எடுத்தாப் பிறகு குடிக்கிற கரைசலாக் குடுப்பம். அந்தக் கரைசலைக் கண்டாலே ஆக்கள் முகத்தைத் திருப்புவினம், சிலபேர் ஓங்காளிப்பினம். ஒப்பரேசன் முடிஞ்சு பசியே இல்லாமல் கிடக்கிற மனிசருக்கு அது ஒரு தண்டனை.

பிறகு டைட்-கே எண்ட ஆய்வு 2024இலை வந்தது. பிரித்தானியாவிலயும் ஜெர்மனியிலயும் 23 ஆஸ்பத்திரியள், பைபாஸ் செய்த 1690 பேர். ஒரு பகுதிக்கு 4.5க்குக் கீழ போனாக் குடுத்தவை, மற்றப் பகுதிக்கு 3.6க்குக் கீழ போனாத்தான் குடுத்தவை. முதல் அஞ்சு நாளிலை ஏஎஃப் வந்தது முதல் பகுதியிலை 26.2 வீதம், மற்றதிலை 27.8 வீதம். குறைச்சுக் குடுத்ததாலை ஒரு நட்டமும் இல்லை. இத்தனை வருசமா ஊத்தின பொட்டாசியம் எல்லாம் பழக்கதோஷந்தான்.

அப்ப பொட்டாசியம் பார்க்கத் தேவையில்லை எண்டு ஆரும் எடுத்துப்போடாதேங்கோ. உண்மையாக் குறைஞ்சா குடுக்கத்தான் வேணும். நல்லா இருக்கிறதை இன்னும் நல்லாக்க வெளிக்கிடுறதைத்தான் சொல்லுறன்.

#5 இரவுப்பணி

வடலி, எங்கள் யூனிட்டில் இன்னும் 4.5 தான். சர்ஜனிடம் இந்த எண்களைக் காட்டினால் என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே தெரியும். இருந்தாலும் காட்டுகிறேன்.

#6 எதிர்க்கேள்வி

எனக்கு ஒன்று இடிக்கிறது. சகஜம், தானாகச் சரியாகும் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். ஆனால் இந்த ஏஎஃப் வந்தவர்களுக்குப் பக்கவாதம் அதிகம், கிட்னி பாதிப்பு அதிகம், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் அதிகம், சாவும் அதிகம் என்று படித்த ஒவ்வொரு கட்டுரையிலும் இருக்கிறது. நூற்றில் முப்பது பேருக்கு வருகிற ஒன்று ஆபத்தா, ஆபத்தில்லையா? குடும்பத்துக்கு தைரியம் சொல்வதற்காக "சகஜம்" என்று சொல்வது வேறு. உண்மையிலேயே கவலைப்படத் தேவையில்லை என்பது வேறு. பிள்ளை கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

#7 வாயுக்குழாய்

எதிர்க்கேள்வி கேட்டது நியாயமான கேள்வி. நான் கார்டியாக் அனஸ்தீசியாவில் இருப்பவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் வருகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். இதய-நுரையீரல் பம்பில் போட்டு எடுத்த உடம்பு முழுக்க அழற்சி இருக்கும். வலி, பயம், நாம் கொடுக்கும் மருந்துகள் எல்லாம் சேர்ந்து அட்ரினலின் உச்சத்தில் இருக்கும். ஏற்றிய திரவத்தால் மேலறைகள் விரிந்திருக்கும். இதயத்தைச் சுற்றியுள்ள பைக்குள் கொஞ்சம் ரத்தம் தேங்கி, மேலறையின் பின்சுவரை உறுத்திக்கொண்டிருக்கும். இத்தனையும் ஆபரேஷன் செய்த எல்லோருக்கும் உண்டு. அப்படியென்றால் ஏன் மூன்றில் ஒருவருக்கு மட்டும்? அந்த ஒருவரின் மேலறையில் வயசும் பிரஷரும் ஏற்கெனவே தழும்பு போட்டுவைத்திருக்கின்றன. காய்ந்த வைக்கோலில் விழுந்த பொறிதான் ஆபரேஷன். ஆபரேஷனுக்கு முன் பார்க்கும் காரணங்களில் எல்லாவற்றையும்விட வலுவானது வயசு.

இதனால்தான் ஆபத்தா இல்லையா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. ஏஎஃப் வந்ததால் பிறகு கெடுதல் வருகிறதா, அல்லது கெடுதல் வரக்கூடிய உடம்பில்தான் ஏஎஃப் வருகிறதா? இரண்டும் கலந்தே இருக்கிறது. ஸ்வீடனில் 2007 முதல் 2015 வரை முதல்முறை பைபாஸ் செய்துகொண்ட 24,523 பேரின் பதிவேட்டைப் பார்த்தார்கள். 30.7 சதவீதம் பேருக்கு இந்த ஏஎஃப் வந்திருந்தது. வயசு, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கழித்துக் கணக்கிட்டபோது, அவர்களுக்குப் பிற்காலத்தில் பக்கவாதம் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுதல், இதயச் செயலிழப்புக்காக அட்மிட் ஆவது 35 சதவீதம் கூடுதல், இறப்பு 8 சதவீதம் கூடுதல். ஆனால் மறுபடி ஏஎஃப் வருவது? நான்கு மடங்கு. எனக்கு இந்தப் பட்டியலில் கண்ணில் படுவது அந்தக் கடைசி எண்தான். மற்றவை கூடியிருப்பது உண்மை, ஆனால் உயரம் குறைவு. அந்த மூன்றாம் நாள் ராத்திரி வந்தது, ஐந்து வருஷம் கழித்து வரப்போவதன் முன்னோட்டம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அசிட்ரோம். அதே ஸ்வீடன் கணக்கில், ஏஎஃப் வந்தவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் ரத்தம் உறையாமைக்கான மருந்து கொடுத்தனுப்பினார்கள். அப்படிச் சாப்பிட்டவர்களுக்கு ரத்தக்கட்டி குறையவில்லை, ரத்தக்கசிவு மட்டும் கூடியது. டென்மார்க்கில் வேறு விதமாகப் பார்த்தார்கள். பைபாஸுக்குப் பிறகு ஏஎஃப் வந்தவர்களையும், ஆபரேஷன் எதுவும் இல்லாமல் சாதாரணமாக ஏஎஃப் வந்தவர்களையும் ஒப்பிட்டால், முதல் கூட்டத்துக்கு ரத்தக்கட்டி அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே சாதாரண ஏஎஃப்புக்கு இருக்கும் "ஆயுசுக்கும் மாத்திரை" என்ற விதியை இதற்கு அப்படியே தூக்கிப் போட முடியாது. அதேசமயம் இவையெல்லாம் பதிவேட்டுக் கணக்குகள். யாருக்கு மருந்து கொடுப்பது என்பதை அந்தந்த டாக்டர் முடிவு செய்திருக்கிறார், சீட்டுக் குலுக்கிப் போட்டு அல்ல. அபாயம் அதிகம் என்று பட்டவருக்கே கொடுத்திருப்பார்கள். அந்தக் கோணல் கணக்கில் இருந்தே தீரும்.

அமெரிக்க வழிகாட்டுதல் 2023 என்ன சொல்கிறது என்றால், ரத்தக்கசிவு பயம் இல்லையென்றால் ஆபரேஷனுக்குப் பிறகு 60 நாள் கொடுங்கள், அதன்பின் தேவையா என்று மறுபடி யோசியுங்கள். அந்த "மறுபடி யோசியுங்கள்" நம் ஊரில் காற்றோடு போய்விடுகிறது. சர்ஜன் தையலைப் பார்த்து அனுப்பிவிடுவார். அசிட்ரோம் கார்டியாலஜிஸ்ட் எழுதியது என்று அவர் நினைப்பார். கார்டியாலஜிஸ்ட், சர்ஜன் ஏதோ காரணத்தோடுதான் எழுதியிருப்பார் என்று தொடாமல் விடுவார். நடுவில் பேஷண்ட் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

செவ்வாய்ப்பேட்டையின் அப்பாவுக்கு 65ஐத் தாண்டிய வயசு, சுகர், பிரஷர், அடைத்த ரத்தக்குழாய் என்று பக்கவாத அபாயத்தைக் கணக்கிடும் சாட்ஸ் வாஸ்க் ஸ்கோரில் நாலு வருகிறது. அதனால் அவருக்கு ஆரம்பித்ததில் தப்பில்லை, நானும் ஆரம்பித்திருப்பேன். ஆயுசுக்கும் தேவையா என்பதைத் துடிப்பை மறுபடி சோதித்துவிட்டுத்தான் சொல்ல முடியும். சித்தப்பா இன்றைக்கே தீர்ப்பு எழுத வேண்டாம்.

அமியோடரோன் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கா, கனடாவில் ஆபரேஷனுக்குப் பின் ஏஎஃப் வந்த 523 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் துடிப்பின் வேகத்தை மட்டும் குறைத்தார்கள், மறுபக்கம் அமியோடரோன், தேவைப்பட்டால் ஷாக் என்று துடிப்பையே ஒழுங்காக்கப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது. 60 நாளில் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் ஒரு பக்கம் 5.1, மறுபக்கம் 5.0. இரண்டு பக்கமும் 60 நாள் கழித்துப் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒழுங்கான துடிப்பில் இருந்தார்கள். எந்த வழியில் போனாலும் பெரும்பாலானோருக்கு அது நின்றுவிடுகிறது. அதற்காக அமியோடரோனை ஒதுக்கவும் முடியாது. வராமல் தடுக்க அது நன்றாகவே உதவும். ஆபரேஷனுக்கு 6 நாள் முன்பிருந்து 6 நாள் பின்பு வரை கொடுத்த கனடா ஆய்வில் 29.5 சதவீதம் 16.1ஆகக் குறைந்தது. ஆனால் நம்மிடம் வருகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலம்தான் அட்மிட் ஆகிறார்கள், சிலர் நெஞ்சுவலியோடு ஆஞ்சியோ எடுக்கும் கேத் லேபிலிருந்து நேராக வருகிறார்கள். ஆறு நாள் முன்னால் எங்கே போவது?

எனக்குப் பிடித்தது மருந்தே இல்லாத ஒரு வழி. இதயப் பையின் பின்பக்கம் இடதுபுறத்தில் 4-5 செ.மீ. நீளத்துக்கு ஒரு கீறல். பையில் தேங்கும் ரத்தம் அது வழியாக இடது நுரையீரல் பக்கம் வடிந்துவிடும். நியூயார்க்கில் 420 பேரிடம் செய்து பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். ஏஎஃப் வந்தது கீறியவர்களில் 17 சதவீதம், கீறாதவர்களில் 32 சதவீதம். சர்ஜனுக்கு இரண்டு மூன்று நிமிட வேலை. எங்கள் சர்ஜன் இப்போது செய்கிறார். கேட்டால் "செலவில்லாத வேலைதானே" என்பார்.

#8 எதிர்க்கேள்வி

நன்றி டாக்டர். "முன்னோட்டம்" என்று நீங்கள் எழுதியதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏன் யாரும் எழுதுவதில்லை? பல சம்மரிகளில் "ஆபரேஷனுக்குப் பின் நலம்" என்று ஒரே வரிதான். ஐசியூவில் ஏஎஃப் வந்ததே இருக்காது. ஐந்து வருஷம் கழித்து வேறு ஊர் டாக்டர் அதைப் படித்தால் அவருக்கு என்ன தெரியும்?

#9 மணிச்சத்தம்

இங்கே பேசுவதெல்லாம் பைபாஸ்காரர்களுக்கு. என்னைப் போல வால்வு மாற்றியவர்கள் இதைப் படித்துவிட்டு அசிட்ரோமை நிறுத்திவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சின்ன வயசில் வந்த ருமாட்டிக் காய்ச்சல், மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே எனக்கு ஏஎஃப் இருந்தது. போட்டிருப்பது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை நிலையத்தில் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார்களே, அதேதான். ராத்திரி வீடு அமைதியானால் அது டிக் டிக் என்று கேட்கும். பக்கத்தில் படுக்கும் பேத்திக்கு அது இல்லாமல் தூக்கம் வராது. எனக்கு அசிட்ரோம் ஆயுசுக்கும்தான். அதில் பேச்சே இல்லை.

"ஐஎன்ஆர் பார்க்கவே வேண்டாம், புது மாத்திரை வந்திருக்கு, அதுக்கு மாறிக்கோங்க" என்று ஒரு மெடிக்கல் ஷாப்பில் எனக்கு அறிவுரை சொன்னார்கள். என் கார்டியாலஜிஸ்ட் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். உலோக வால்வுக்கு அந்தப் புது மாத்திரைகள் ஆகாது. அதில் ஒன்றான டபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வைக் கட்டியும் கசிவும் இரண்டும் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். வால்வு மாற்றாமல் ருமாட்டிக் சுருக்கத்தோடு ஏஎஃப் இருப்பவர்களுக்கும் பழைய மாத்திரைதான் நல்லது என்று 2022இல் வந்த இன்விக்டஸ் ஆய்வு சொன்னதாம். புது வகையான ரிவராக்ஸபான் சாப்பிட்டவர்களைவிட வார்ஃபரின் வகை சாப்பிட்டவர்களில் இறப்பு குறைவு. 24 நாடுகளில் நாலாயிரத்து ஐநூறுக்கு மேற்பட்டவர்கள், நம் நாட்டுக்காரர்களும் அதில் உண்டு என்றார்.

ஆபரேஷன் செய்யும்போதே இடது மேலறையின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பையைத் தைத்து மூடிவிட்டதாக என் சம்மரியில் இருக்கிறது. அது எதற்கு என்று டாக்டர் யாராவது சொல்லுங்களேன்.

#10 வாயுக்குழாய்

நல்ல வேலை செய்திருக்கிறார்கள் அம்மா. ஏஎஃப்பில் ரத்தம் கட்டுவது பெரும்பாலும் அந்தப் பைக்குள்தான். ஏற்கெனவே ஏஎஃப் இருந்து, வேறு இதய ஆபரேஷனுக்கு வந்த 4,770 பேரில் பாதிப் பேருக்கு அதை மூடிப் பார்த்தார்கள். சராசரியாக 3.8 வருஷம் கவனித்ததில், பக்கவாதமும் கட்டி போய் அடைப்பதும் மூடியவர்களில் 4.8 சதவீதம், மூடாதவர்களில் 7 சதவீதம். லாஸ் மூன்று என்று அந்த ஆய்வுக்குப் பெயர், கனடாவில் ஹாமில்டனிலிருந்து நடத்தினார்கள். முக்கியமான விஷயம், அதில் பெரும்பாலோர் மாத்திரையையும் தொடர்ந்து சாப்பிட்டார்கள். பை மூடியாயிற்று என்று மாத்திரையை விட முடியாது. உங்கள் விஷயத்தில் வால்வும் இருக்கிறது, கேள்விக்கே இடமில்லை.

ஏஎஃப் புதிதாக வந்த பைபாஸ்காரர்களுக்கும் இது பொருந்துமா என்றால், அந்த எண்களை அவர்கள் மேல் ஏற்றக் கூடாது. அவர்கள் வேறு கூட்டம்.

#11 பசுமைவழி

எத்தனை கெமிக்கல்! தினம் காலையில் மருதம்பட்டைக் கஷாயம், கூட மீன் எண்ணெய் மாத்திரை. இதயத் துடிப்பு கடிகாரம் மாதிரி ஓடும். என் மாமா பத்து வருஷமாகக் குடிக்கிறார்.

#12 மருந்தாளர்

மாமா நன்றாக இருக்கட்டும். மீன் எண்ணெயைச் சோதித்தே விட்டார்கள். இதய ஆபரேஷன் செய்யும் 1,516 பேரில் பாதிப் பேருக்கு மீன் எண்ணெய், பாதிப் பேருக்கு வெறும் எண்ணெய். 2012இல் வந்த முடிவு: ஏஎஃப் 30.0 சதவீதம், 30.7 சதவீதம். என் கடையில் விற்கிற பொருளையே வாங்காதீர்கள் என்று சொல்கிறேன், இதைவிட என்ன வேண்டும்?

"கெமிக்கலும்" தப்பவில்லை. ஸ்டாட்டின் அழற்சியைக் குறைக்குமே, ஏஎஃப்பையும் தடுக்கும் என்று சீனாவில் 1,922 பேருக்கு ஆபரேஷனை ஒட்டி ரோசுவாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். ஏஎஃப் வந்தது கொடுத்தவர்களில் 21.1 சதவீதம், கொடுக்காதவர்களில் 20.5 சதவீதம். பலன் இல்லை, கிட்னிக்குத்தான் கொஞ்சம் கெடுதல். அதற்காக யாரும் வழக்கமான ஸ்டாட்டினை நிறுத்தாதீர்கள், அது கிராஃப்ட் அடைக்காமல் இருக்க.

கஷாயத்தைப் பற்றி: அசிட்ரோம் சாப்பிடுகிறவர், எவ்வளவு வீரியம் என்று அளவில்லாத எதையும் கூடச் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் ஐஎன்ஆர் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

#13 செவ்வாய்ப்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. மருந்தாளர் சார் எழுதியதைப் படித்த மறுநாளே ஐஎன்ஆர் எடுத்தோம். 4.6 வந்தது. 2லிருந்து 3க்குள் இருக்க வேண்டியது. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று அப்பா அதற்கு முன்பே சொல்லியிருக்கிறார், பிரஷ் புதுசு என்று அம்மா விட்டுவிட்டார். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அப்பாயின்ட்மென்ட் இல்லாமலே கார்டியாலஜி ஓபியில் போய் உட்கார்ந்தோம். இரண்டு நாள் அசிட்ரோமை நிறுத்தச் சொல்லி, பிறகு 1 மி.கி. ஆக்கிவிட்டார்கள்.

வாயுக்குழாய் சார் சொன்ன மாதிரி நேராகக் கேட்டேன்: "இதை யார் நிறுத்துவாங்க, எப்ப?" அந்த டாக்டர் சம்மரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நான்தான் நிறுத்தணும் போலிருக்கு" என்று சிரித்தார். இப்போதைய திட்டம்: அமியோடரோன் ஆபரேஷன் ஆகி ஆறு வாரத்தோடு நிறுத்தம். நிறுத்தின பிறகு வாரம் ஒரு ஐஎன்ஆர். இரண்டு மாதம் முடிந்ததும் எக்கோவும், உடம்பில் மாட்டிவைத்துத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டரும். அதில் ஏஎஃப் இல்லையென்றால் அசிட்ரோமும் நிறுத்தம், ஆஸ்பிரின் மட்டும் தொடரும். இருந்தால் மாத்திரை தொடரும். இதைச் சீட்டிலேயே தேதி போட்டு எழுதித் தரச் சொல்லி வாங்கிவிட்டேன்.

சித்தப்பாவுக்கு இன்னும் திருப்தி இல்லை, அது வேறு.

கடைசியாக ஒன்று. ஹோல்டர் ஒரே ஒரு நாள்தானே ஓடும்? அன்றைக்கு வராமல் மறுநாள் வந்தால்? என் தம்பி துபாயிலிருந்து ஈசிஜி பார்க்கும் வாட்ச் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். பிரயோஜனம் உண்டா?

#14 வாயுக்குழாய்

சரியான சந்தேகம். கனடாவில் 336 பேரிடம் இதைத்தான் பார்த்தார்கள். டிஸ்சார்ஜ் ஆனபின் ஒரு பாதிக்கு நெஞ்சில் பேட்ச் ஒட்டி 30 நாள் தொடர்ந்து பதிவு செய்தார்கள், மறுபாதிக்கு வழக்கமான ரிவியூ மட்டும். 6 நிமிடத்துக்கு மேல் ஏஎஃப் அல்லது அதைப் போன்ற ஃப்ளட்டர் என்ற துடிப்புக் கோளாறு கண்டது முதல் பாதியில் 19.6 சதவீதம், மறுபாதியில் 1.7. இத்தனைக்கும் அவர்கள் ஆஸ்பத்திரியில் ஏஎஃப் வராதவர்கள், அல்லது கொஞ்ச நேரமே வந்து போனவர்கள். தேடினால் கிடைக்கிறது. ஆனால் கிடைத்த அந்தச் சில நிமிட ஏஎஃப்புக்கெல்லாம் மாத்திரை கொடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்கு எவ்வளவு நேரம் ஓடியது, எத்தனை தடவை வந்தது, ஆளின் ஸ்கோர் என்ன என்று சேர்த்துத்தான் பார்ப்போம். முடிந்தால் ஒரு நாள் ஹோல்டருக்குப் பதில் ஏழு நாள் பேட்ச் கிடைக்குமா என்று கேளுங்கள்.

வாட்ச் வரட்டும், கெடுதல் இல்லை. ஆனால் அது "ஏஎஃப்" என்று காட்டினால் அந்தப் பதிவை பிடிஎஃப் ஆக எடுத்து டாக்டருக்குக் காட்டுங்கள். வாட்ச் சொன்னதை வைத்து நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

#15 இரவுப்பணி

வாட்ச் வரும்வரை கையிருக்கிறது. தினம் காலை, மாலை அப்பா ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம், ஏஎஃப்பில் அது ஏமாற்றும். எண்ணிக்கையோடு "சீராக" அல்லது "சீரில்லை" என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டு பிரஷர் மெஷின் திரும்பத் திரும்ப எரர் காட்டினாலும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பல்ஸ் காட்டினாலும் நாடியைத் தொட்டுப் பாருங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 120க்கு மேல் தாறுமாறாக ஓடினால் அன்றைக்கே ஈசிஜி. மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ, வாய் கோணினாலோ கை தொய்ந்தாலோ 108. அசிட்ரோம் சாப்பிடுகிறார் என்பதை ஆம்புலன்ஸில் ஏறும்போதே சொல்லுங்கள். தலையில் அடிபட்டாலும், கருப்பாக மலம் போனாலும் காத்திருக்கக் கூடாது.

எதிர்க்கேள்வி கேட்டதற்கும் சேர்த்து: அந்த ராத்திரி எடுத்த ஈசிஜி தாள் கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் மனு எழுதிக் கொடுத்தால் நகல் தருவார்கள். அந்தத் தாள் மெழுகுத்தாள் போல வழவழப்பாக இருந்தால் நாளாக ஆக எழுத்து மங்கிவிடும், வாங்கின அன்றே ஜெராக்ஸ் போட்டு வையுங்கள்.